மார்ச் பதினான்கு

கடலூர்,
ஞாயிறு

மாமாவுக்கு,

போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே நிற்கிறார்கள். அதனால்தான் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நேற்று ஸ்கேன் சீட்டை நர்ஸ் சத்தமாகப் படித்துவிட்டாள். "பிரசவம் நவம்பர் முப்பதும்மா."

அத்தை விரலை மடக்கினார்கள். "எம்மவன் பொங்கல் முடிஞ்சதும் துபாய் போயிட்டான். கொழந்த பொரட்டாசியிலயே பொறக்கணும். கணக்கு இடிக்குதே!"

நாம் உறைய வைத்திருந்த கருவை, நீங்கள் போன பிறகு, மார்ச் பதினான்கில்தான் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் எனக்குள் வைத்தார்கள். அன்றிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? அன்றைக்கு நான் நடராஜரைக் கும்பிடப் போனதாக அத்தையிடம் போனில் சொன்னதே நீங்கள்தானே.

வீட்டுக்கு வரும் வழியில், அத்தை வளைகாப்புக்குச் சொல்லி வைத்திருந்த வளையல்களை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரி பைல் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே அத்தையிடம் பேசிவிடுங்கள். இல்லையென்றால் அதை எடுத்து அவர்கள் மடியில் வைத்துவிடுவேன். முதல் பக்கத்தில் இருக்கும் ரிப்போர்ட் என்னுடையது இல்லை மாமா, உங்களுடையது.

இதுவரை வாயைத் திறக்காத,
உங்கள் மனைவி