ஒரே வீட்டில் இரண்டு பி.ஏ.

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூப்பிட்டால் பேப்பரை இறக்காமலே "ம்" என்பீர்கள். அந்த "ம்" போதும், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவேன். இன்றைக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல நிறைய இருக்கிறது. உங்களுக்கு நான் தர வேண்டிய பதில் ஒன்றும் பாக்கி இருக்கிறது.

கிட்வாய் நகரில் எல்லோரும் சௌக்கியம். பார்க்கில் உங்கள் கூட்டம் அதே பெஞ்சில்தான் உட்காருகிறது. என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான்: "ஷங்கரிக்குப் பரீட்சை எப்போ?" எல்லாம் நீங்கள் செய்துவைத்த வேலை. மகள் காலேஜில் ஹிஸ்டரி எடுத்திருக்கிறாள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. "ஐ.ஏ.எஸ்.ஸுக்கு ரெடி ஆயிட்டிருக்கா" என்று ஒரு போடு போட்டீர்கள். டில்லியில் பி.ஏ. படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லித் தப்பிக்கிறார்கள். அவளோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அவள் ஹிஸ்டரியில் சேர்ந்த அன்று என்னிடம் நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஏளா, நீயும் அதத்தான படிச்ச? படிச்சு என்ன பண்ணுன?" சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நானும் சிரித்துவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டேன். ஆனால் வலித்தது. அந்தப் பதில்தான் பாக்கி.

விஷயத்துக்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் ராமசாமி அண்ணாச்சி வந்தார். ஆபீஸில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். நீங்கள் போன பிறகு எங்களுக்காக ஓடி ஓடி அலைந்தவர். வேலையில் இருக்கும்போதே இறந்தவர் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் கிளார்க் வேலை கிடைக்கும், இந்தக் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டியிருக்காது என்றார்.

"பாப்பா பி.ஏ. முடிக்கப் போறால்லா தங்கச்சி. அவ பேரக் குடுத்துருவோம். சர்க்கார் வேல, யோசிக்கவே யோசிக்காதிய."

உள்ளேயிருந்து ஷங்கரி வந்து, "அச்சா அங்கிள், கொடுத்துடுங்க" என்றாள். அவ்வளவுதான். நம் பெண் சண்டை போடாமல் எதற்காவது சரி என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

அவள் இந்த மூன்று வருஷமும் என்னவெல்லாம் செய்தாள் என்பதை நீங்கள் முழுதாகப் பார்க்கவில்லை. முதல் வருஷத்திலிருந்தே சனிக்கிழமைகளில் ஒரு சிறிய மியூசியத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற வேலை. பிறகு அவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற வேலை. கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்புகளை எழுத ஆரம்பித்தபோது, "பேரு எழுதி ஒட்டுததுக்கு ஒரு டிகிரியாட்டி?" என்று கேலி செய்தீர்கள். அவள் நிறுத்தவில்லை. பழைய போட்டோக்களை கம்ப்யூட்டரில் வகைப்படுத்தக் கற்றுக்கொண்டாள். போன கோடை விடுமுறையில் கண்காட்சி அமைத்துக் கொடுக்கிற ஓர் இடத்தில் வேலை பழகினாள். வகுப்பில் படித்ததை வெளியே கொண்டுபோய் உரசிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவளிடம் சொல்லாமல் நானும் டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்த மியூசியத்துக்குப் போனேன். ஒரு மண் ஜாடி இருந்தது. பக்கத்தில் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் அவள் எழுதிய குறிப்பு. ஜாடியின் கழுத்தில் ஒரு விரல் தடம் இருக்கிறது, கண்ணாடியில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள், இதைச் செய்தவரின் கை உங்கள் கையைவிடப் பெரியதா, சின்னதா என்று கேட்டிருந்தாள். ஓடி வந்த சின்னப் பெண்கள் எல்லாம் நின்று கண்ணாடியில் விரல் வைத்து அளந்தார்கள். அவர்கள் போன பிறகு நானும் வைத்துப் பார்த்தேன்.

நானும் வரலாறு படித்தவள்தான். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து முதல் வகுப்பு வாங்கினேன். அந்தப் பட்டம் பயன்பட்டது ஒரே இடத்தில், நம் கல்யாணப் பத்திரிகையில், என் பெயருக்குப் பின்னால். அப்புறம் டில்லிக்கு ரயிலேறிவிட்டேன். படிக்கிறபோதே அடுத்து என்ன என்று என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என்ன ஆகியிருப்பேன்?

அன்றைக்கு அண்ணாச்சி கிளம்பியதும் ஷங்கரியிடம் கேட்டேன். "ஏட்டி, அந்தக் கண்காட்சிக்காரங்க உன்ன இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்கல்லா?"

"அது ஒரு வருஷ கான்ட்ராக்ட்தான்மா. அதை நம்பினா இந்த வீடு போயிடும். அப்பா வேலைன்னா சேஃப். விடு, டீக் ஹை."

முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தாள். உங்கள் நீலச் சட்டை. வீட்டில் அதைத்தான் போட்டுக்கொள்கிறாள்.

மறுநாள் காலை நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, ஷங்கரி பேரு வேண்டாம். என் பேரக் குடுங்க. நானும் பி.ஏ.தான்."

"நீங்களா தங்கச்சி? கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கணுமே!"

"படிச்சிக்கிடுதேன்."

சொல்லிவிட்டு, அவர் மறுபடி கேட்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

ஷங்கரி அப்போதுதான் சண்டைக்கு வந்தாள். எனக்காக நீ ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று குதித்தாள். "உனக்காக இல்லட்டி. எனக்கே அந்த வேல வேணும்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. அவளும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

அப்புறம் அவள்தான் எனக்கு வாத்தியார். டைப் அடித்துப் பழகத் தன் பாடக் குறிப்புகளையே கொடுத்தாள். அடிப்பதை விட்டுவிட்டு நான் படிக்க ஆரம்பித்துவிடுவேன். "அம்மா, கதை அப்புறம். ஜல்தி, டைப்!" என்று அதட்டுவாள். அந்தப் பழைய ராஜாக்களெல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிகிறார்கள். அதைப் பற்றி உங்களிடம் பேசத்தான் முடியவில்லை.

கண்காட்சிக்காரர்கள் அவளை எடுத்துக்கொண்டார்கள். பெர்மனென்ட் இல்லையா என்று கேட்டிருப்பீர்கள். நானும்தான் கேட்டேன். "இல்லம்மா. ஆனா அடுத்து எது வந்தாலும் நான் ரெடி" என்றாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கும் ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். உங்கள் செக்‌ஷன் இல்லை, அதே கட்டடத்தில் கீழ்த்தளம். மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்? கூட யார் உட்காருவார்கள்? இத்தனை வருஷம் டிபன் கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை பாருங்கள். உங்கள் டப்பாவைத்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.

பார்க்கில் இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். ஷங்கரி ஹிஸ்டரி படித்தாள், கண்காட்சிகளுக்கு எழுதுகிறாள் என்பேன். நீங்கள் சொன்ன பொய் அதோடு முடிந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். படிச்சு என்ன பண்ணுன என்று கேட்டீர்களே, அதற்கு இனிமேல்தான் பதில் சொல்லப்போகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியதும், ஆபீஸில் நடந்தது அத்தனையும் உங்களிடம் சொல்வேன். இது சத்தியம்.

நீங்கள் "ம்" மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி,
கோமதி, பி.ஏ.