பட்டது என்று சொல்லாதவர்

நரசிம்மர் துணை

தவளக்குப்பம்
27.11.2023

என் வீட்டுக்காரர் கமலக்கண்ணன் அவர்களுக்கு,

அஞ்சலாட்சி எழுதுவது. அண்ணன் வீட்டில் எல்லாரும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். எது நேர்ந்தாலும் நேரவில்லை என்று சொல்லிவிடுகிறவருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

போனில் பேசினால் குறுக்கே கத்துவீர்கள். கடிதத்தில் அது முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் ஏன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று தெரியவே இல்லை என்கிறீர்களாம். 'கோவத்துல போயிருக்கா, ரெண்டு நாள்ல வந்துடுவா' என்றும் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. மறந்திருந்தால் நானே எழுதிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் உங்கள் இரும்புப் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழங்கால ஐரோப்பிய வாள்சண்டை சொல்லித்தருகிறீர்கள். அந்தப் பிரெஞ்சு வாத்தியார் உங்களிடம் மழுங்கல் வாள் செய்யக் கொடுத்து, பிறகு பிடிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் விட்டுப்போன புத்தகத்தை அகராதி வைத்து வரிவரியாகப் படித்து உங்களுக்குச் சொன்னது யார்? பத்தாவது வரை படித்த நான். ஆறு வருடம் மேசையில் உட்கார்ந்து, யார் யாரை எங்கே தொட்டார்கள் என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் எழுதியதும் நான்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, உங்கள் எதிரே நிற்க மாணவர்கள் யாரும் முன்வராமல், 'வாடி, நீ வந்து நில்லு, சும்மா வெளாட்டுக்கு' என்றீர்கள். முகமூடியை மாட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது மோதலில் என் வாள் உங்கள் வலது முன்கையில் விழுந்தது. சுற்றி நின்ற உங்கள் மாணவர்கள் பதினோரு பேருக்கும் சத்தம் கேட்டது. நீங்கள் சிரித்தீர்கள். 'படல. துணியில உரசுச்சு. மாவு கரைக்கிற கையில வாளக் குடுத்தா இப்படித்தான்.' பதினோரு பேரும் உங்களுக்காகச் சிரித்தார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில், நீங்களே பெயின்ட் அடித்து எழுதியது அப்படியே இருந்தது: 'பட்டவர் கையைத் தூக்கி, பட்டது என்று தானே சொல்ல வேண்டும்.'

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு சனிக்கிழமை, அதே பதினோரு பேர் முன்னால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

அஞ்சலாட்சி

—

மேட்டுப்பாளையம்
3.12.2023

அஞ்சலைக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு உரசலுக்கு நாலு பக்கமா? நல்ல வேளை, வெட்டு விழவில்லை. விழுந்திருந்தால் புத்தகமே போட்டிருப்பாய்.

நீ சொல்கிறபடி கையைத் தூக்கினால் என்ன ஆகும் தெரியுமா? 'மாஸ்டர் பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கினாரு' என்று பெங்களூர் வரைக்கும் போகும். ஜனவரி 27, 28 போட்டிக்கு நாலு ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள். மண்டபம் பேசியாகிவிட்டது. இந்த நேரத்தில் உனக்கு இந்த வீம்பு தேவையா?

மேசையில் உட்கார்ந்து எண்ணியவளெல்லாம் வாள்காரி ஆகிவிட முடியாது. டிக்கெட் கிழிக்கிறவர் பஸ் ஓட்டுவாரா? அவ்வளவு ரோஷம் இருந்தால் போட்டிக்குப் பெயர் கொடு. ஆண், பெண் எல்லாருக்கும் பொதுதான். முதல் சுற்றில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துக் காட்டு, பிறகு பேசலாம்.

சிலிண்டர் புக் பண்ணுகிற நம்பர் எது? ரசத்துக்கு எந்த டப்பா என்றும் தெரியவில்லை. கடையில் சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது.

இப்படிக்கு,
உன் கணவன்

—

நரசிம்மர் துணை

தவளக்குப்பம்
9.12.2023

அவருக்கு,

சிலிண்டர் நம்பர் அடுப்பங்கரைக் கதவின் உள்பக்கம், பதினாலு வருடமாக ஒட்டியிருக்கிறது. ரசத்துக்குச் சிவப்பு மூடி.

பெயர் கொடுத்துவிட்டேன். வெற்றிவேல் பதிவு செய்துகொண்டான். உங்களிடம் ஐந்து வருடம் படித்த பிள்ளை, 'மாஸ்டருக்குத் தெரிஞ்சா திட்டுவாருக்கா' என்று போனில் கிசுகிசுக்கிறான். வாள் பிடிக்கிற பிள்ளைகளுக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த வீரம் அவ்வளவுதான்.

இங்கே சின்னப்பாப்பா அண்ணிதான் என் எதிராளி. நோணாங்குப்பம் படகுத்துறையில் வேலை முடிந்து வந்ததும், அண்ணனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு பழைய துடுப்போடு நிற்கிறாள். 'யாம்மா, உன் புருஷன் மேல உள்ள கோவத்தயெல்லாம் எம்மேல எறக்காத' என்கிறாள். ஆனாலும் அவளுக்குப் பட்டால், யாரும் கேட்காமலே துடுப்பைக் கீழே போட்டுவிட்டு, 'பட்டுச்சு, பட்டுச்சு' என்று கத்துகிறாள். அவள் உங்கள் சுவரைப் பார்த்ததே இல்லை.

என் நோட்டில் உங்கள் ஆட்டங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. அத்தனையிலும் 'பட்டது' என்று நீங்களாகச் சொன்னது ஒன்பது முறை. ஒன்பது முறையும் எதிரே நின்றவர் அந்த மாதம் சேர்ந்தவர். கொடுத்தாலும் ஒன்றும் குறையாத இடத்தில்தான் உங்களுக்குத் தாராளம். இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறேன். குத்த வருவதற்கு முன் உங்கள் இடது முழங்கை இறங்குகிறது. சொல்லிவிட்டே அடிக்க வருகிறேன். திருத்திக்கொள்ள ஒன்றரை மாதம் இருக்கிறது.

அஞ்சலாட்சி

—

மேட்டுப்பாளையம்
14.1.2024

அஞ்சலைக்கு,

சீட்டுக் குலுக்கிவிட்டோம். உன் முதல் சுற்றுக் குழுவில் பெங்களூர்ப் பையன்கள் இரண்டு பேர். பெரிய கைக்காரர்கள். அழாதே.

விதி தெரியாமல் வந்து நிற்காதே என்பதற்காக எழுதுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பட்டால் யாருக்கும் புள்ளி கிடையாது. ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் இரண்டு பேருமே வெளியே. நிஜ வாளாக இருந்தால் இரண்டு பேரும் செத்திருப்பார்கள் இல்லையா? கற்றுக்குட்டிகள்தான் தடுக்கத் தெரியாமல் குருட்டுத்தனமாகப் பாய்ந்து இப்படிச் சாவார்கள். நீயும் அதைத்தான் செய்யப் போகிறாய்.

என் முழங்கையைப் பற்றி நீ கவலைப்படாதே.

இப்படிக்கு,
கமலக்கண்ணன்

—

நரசிம்மர் துணை

தவளக்குப்பம்
29.1.2024

மாஸ்டர் அவர்களுக்கு,

முந்தாநாளும் நேற்றும் அந்த மண்டபத்தில் நடந்ததை, மேசையில் உட்கார்ந்திருந்தால் எப்படி எழுதுவேனோ அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை முதல் சுற்றில் நாலில் மூன்று ஜெயித்தேன். பெங்களூர்ப் பையன்கள் இருவரும், பட்டபோதெல்லாம் கையைத் தூக்கினார்கள். ஒருவன் நடுவர் பார்க்காததைக்கூடச் சொல்லித் தோற்றான். போகும்போது, 'சூப்பர் ஆன்ட்டி' என்று கை கொடுத்தான். இருபது வயதுகூட இருக்காது. அவனை வளர்த்த தாய் கொடுத்து வைத்தவள்.

ஞாயிறு காலிறுதியில் நீங்களும் நானும். ஐந்து புள்ளி ஆட்டம். முதல் இரண்டு புள்ளி எனக்கு; முழங்கை இறங்கியது, அடித்தேன். ஒன்று உங்களுக்கு, நன்றாக அடித்தீர்கள், நானே கையைத் தூக்கினேன். பிறகு மறுபடி இரண்டு எனக்கு. நாலுக்கு ஒன்று. புள்ளிப் பலகையை நீங்கள் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். முகமூடிக்குள் உங்கள் முகம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்து நான் மேலிருந்து வெட்டியபோது நீங்கள் தடுக்கவில்லை. கையை நீட்டி அப்படியே குத்தினீர்கள். இருவருக்கும் பட்டது. தவறி நடந்திருக்கும் என்று நினைத்தேன். உங்களைப் பற்றி நான் நல்லபடியாக நினைத்தது அதுதான் கடைசி. இரண்டாவது முறையும் அதே மாதிரி. இருபது வருடம் இரும்பு தட்டிய கை, தடுக்கத் தெரியாத கையா? மூன்றாவதற்கும் வாளை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். தான் செத்தாலும் சரி, இவள் ஜெயித்துவிடக் கூடாது.

நடுவர் இருவரையும் வெளியே போகச் சொன்னார். நீங்கள் முகமூடியைக் கழற்றி, மைக்கை வாங்கி, 'ஒரே குடும்பத்துல ரெண்டு டெட்பாடி' என்றீர்கள். மண்டபம் சிரித்தது. அந்தப் பதினோரு பேர் இந்த முறை சிரிக்கவில்லை, கவனித்தீர்களா? வெற்றிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கும்பிடும் சாமி தூணைப் பிளந்துகொண்டு வந்தவர். நான் கட்டிக்கொண்டவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்.

என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது முறை நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. விலகிக் காத்திருந்தால் ஜெயித்திருப்பேன். கோபத்தில் வெட்டப் போனேன். அந்தத் தப்பு என்னுடையது. பட்டது.

அஞ்சலாட்சி

—

மேட்டுப்பாளையம்
4.2.2024

அன்புள்ள அஞ்சலைக்கு,

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நவம்பரில் பட்டது. முன்கை ஒரு வாரம் நீலமாகக் கிடந்தது. யாருக்கும் தெரியக்கூடாது என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். மண்டபத்திலும் வேண்டுமென்றேதான் செய்தேன். நீ என்னைவிட நன்றாக ஆடினாய். இதற்கு மேல் என்ன சொல்ல?

ஆனால் என் நிலையையும் யோசி. அத்தனை பேர் முன்னால் உன்னிடம் தோற்றால், நாளைக்கு எவன் என்னிடம் கற்றுக்கொள்ள வருவான்? இப்போதே மூன்று பேர் வருவதில்லை. நோட்டு எழுத ஆளில்லை. வீடு வீடாக இல்லை.

நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன். இது நமக்குள்ளேயே இருக்கட்டும். படித்ததும் கிழித்துவிடு, அண்ணிக்கும் காட்டாதே. சனிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். பையைக் கட்டி வை.

உன்
கமலக்கண்ணன்

—

நரசிம்மர் துணை

தவளக்குப்பம்
8.2.2024

கமலக்கண்ணன் அவர்களுக்கு,

சனிக்கிழமை வண்டி எடுக்க வேண்டாம். நான் வரவில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன். அதையும் மறைக்கவில்லை. இரண்டாவது முறை, 'கிழித்துவிடு' என்ற இடத்துக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது. பதினோரு பேர் முன்னால் கேட்டதை மூடிய உறைக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குக் கூலியாக, நான் திரும்பி வந்து வீட்டையும் சோற்றையும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள்.

இதைப் பிரதி எடுத்து எல்லாருக்கும் அனுப்பலாமே என்று அண்ணிக்கு ஆசை. ஆமாம், காட்டினேன். நான் அனுப்பப் போவதில்லை. நீங்கள் வாயைத் திறந்து சொல்லாததை என் கையால் சொல்லவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கிழிக்கவும் இல்லை. நீங்கள் எழுதியதிலேயே உண்மையான தாள் இது ஒன்றுதான், கிழிக்க மனம் வரவில்லை. இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முழுக்கைச் சட்டைகளுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

அஞ்சலாட்சி