டோலக் சத்தத்துக்கு வந்தவர்கள்

தை, செவ்வாய் இரவு

புல்லாங்குழலில் எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. கீபோர்டு கரண்ட் போனால் ஊமை. நாற்பது வயதில் எனக்கென்று ஒரு வாத்தியம் வேண்டாமா? இன்று நாமக்கல் போய் டோலக் வாங்கி வந்தேன். பொழுது சாய்ந்ததும் வாசலில் உட்கார்ந்து தட்டினேன். கை தானாக ஓடியது.

உடனே பக்கத்துக் கிழங்குக் காடுகளில் தகரம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்துக் காட்டு ராசம்மா அக்கா டார்ச்சோடு ஓடி வந்தார்.

“கண்ணு, பன்னி எந்தப் பக்கம் போச்சு?”

மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்ட காட்டில் காட்டுப்பன்றி இறங்கினால்தான் இங்கே யாரும் இருட்டில் எதையாவது தட்டி விரட்டுவார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“கீழ்ப்பக்கமாப் போச்சுங்கக்கா” என்றேன்.

எல்லோரும் இன்னும் கீழே தேடுகிறார்கள். போய் உண்மையைச் சொல்ல வேண்டும். என் விரல்களோ அவர்கள் அடிக்கும் தகரத்துக்கே மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கின்றன.