வலப்பக்கம் நின்ற முள்

1944 மே 18, வியாழன்

பால்பாண்டியின் காரில் இன்று வேறு என்ஜினை இறக்கினோம். கார் இருபதாம் வருஷத்தது. என்ஜின் முப்பத்தெட்டில் செய்தது, திருமங்கலம் பக்கம் கவிழ்ந்த ஒரு வண்டியிலிருந்து எடுத்தது. சண்டை முடிகிற வரை புதுக் கார் வராது. சோழவந்தானில் அத்தனை வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவருக்கும் இந்த ஒட்டு வேலைதான் கதி.

பழைய என்ஜினுக்கு பாட்டரியே வேண்டாம், தன் பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். இதற்கு பாட்டரி செத்தால் உயிர் இல்லை. ஆகவே பாட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, ஒயர் எல்லாம் நான்தான் புதிதாகப் போட வேண்டும். பட்டறையில் படித்த ஒயர்மேன் நான் ஒருவன் - ஹாலாஸ்யம் போட்ட ஒயரை இன்னொருவன் தொட வேண்டியதில்லை என்று மேஸ்திரியே சொல்கிறார். எழுதும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

மே 24

டாஷ்போர்டில் புதிதாக மாட்டிய மீட்டரை டிரைவர் சோணைக்கு விளக்கினேன். "முள்ளு வலப்பக்கம் சாஞ்சா பாட்டரிக்குச் சார்ஜ் ஏறறது. இடப்பக்கம் போனா இறங்கறது. இடப்பக்கமே நின்னா உடனே வண்டியை இங்கே கொண்டுவா." அவன் பாடம் ஒப்பிப்பதுபோல் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவன். கையெழுத்துப் போடத் தெரியாது.

மே 27, சனி

வெள்ளோட்டம். என்ஜின் அருமையாக ஓடியது. முள் மட்டும் இடப்பக்கம் போனது. பார்த்ததுமே புரிந்துவிட்டது, மீட்டருக்குப் பின்னால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி முடுக்கியிருக்கிறேன். டைனமோவில் கோளாறு இல்லை, முள்தான் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டுகிறது. டாஷ்போர்டைக் கழற்ற அரை மணி ஆகும். பால்பாண்டி குடையோடு காத்து நிற்கிறார். பட்டறையே வேடிக்கை பார்க்கிறது.

"சாமி, முள்ளு இடப்பக்கம்ல போகுது?" என்றான் சோணை.

"புது என்ஜின். ஓட ஓடச் சரியாயிடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? தப்பு என்னுது என்று ஒரு வார்த்தை போதுமே. அதுவும் அவன் கேட்டு நான் ஒப்புக்கொள்வதா? எண்ணெய் மாற்ற அடுத்த வாரம் வருவான், அப்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம்.

ஜூன் 3

வண்டி வரவில்லை.

ஜூன் 5, திங்கள்

பால்பாண்டியின் மகள் முத்துத்தாய்க்கு இன்று அழகர்கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளையை உசிலம்பட்டியிலிருந்து அழைத்து வந்தது இந்தக் கார்தான். இருட்டோடு விளக்குப் போட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். முகூர்த்தம் ஏழேகாலுக்குள், ஏழரைக்கு ராகுகாலம். அப்பன் திருப்பதி ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. சோணை உள்ளங்கை உரிய உரிய, என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றியிருக்கிறான். பொறி இருந்தால்தானே? மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு மாட்டு வண்டியில் போய் இறங்கியபோது மணி எட்டாம். பெண் மாலையோடு ஒன்பது வரை காத்திருந்தாளாம். ராகுகாலம் கழிந்துதான் தாலி.

எனக்கு ஆள் வந்தது. சைக்கிளில் போய் போனட்டைத் திறந்தேன். டைனமோ ஒயர் விட்டுப்போய்த் தொங்கியது. சார்ஜ் ஏறவே இல்லை, இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியானால் தலைகீழாகக் காட்டும் அந்த முள் வலப்பக்கம் நின்றிருக்கும். சோணை அதைப் பார்த்துக்கொண்டே தைரியமாக ஓட்டியிருக்கிறான்.

பக்கத்தில் யாருமில்லை. டைனமோ ஒயரை முடுக்கினேன். பிறகு, ஐயோ, மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு அந்த இரண்டு ஒயரையும் சரியாக மாற்றிப் போட்டேன். டாஷ்போர்டைக் கழற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிஷம்.

பால்பாண்டி வந்தார். "யாரு தப்பு சாமி?"

"நேத்து விளக்கை அணைக்காம விட்டுட்டான் போலிருக்கு."

நான்தான் சொன்னேன். என் குரல்தான். சோணையின் சீட்டு அங்கேயே கிழிந்தது.

ஜூன் 6

"ஏன் சாதத்தைப் பிசைஞ்சுண்டே இருக்கேள்?" என்று மனைவி நாகலக்ஷ்மி கேட்டாள். தலைவலி என்றேன்.

ஜூன் 13

சோணை பட்டறைக்கு வந்தான். வேலை கேட்கவில்லை, சண்டையும் போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சாமி. விளக்க அணைச்சேன், சத்தியம். வழியெல்லாம் முள்ளு வலப்பக்கம்தான் நின்னுச்சு. 'ஐயரு சொன்னாப்புல முள்ளு சரியாயிருச்சு, இனி கவலை இல்ல'ன்னு மாப்ளகிட்டச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தேன். பெறகு வண்டி எப்படி நின்னு போச்சு?"

"நீ சரியாப் பார்த்திருக்க மாட்டே."

கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "இருக்கும் சாமி. கண்ணு மங்குதுபோல."

போய்விட்டான். என் பேச்சை நம்பினான், தன் கண்ணை நம்பவில்லை.

ஜூலை 7

லாரி கிளீனர் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான். சோணைக்கு இரண்டு இடத்தில் வேலை கூப்பிட்டார்களாம். "கண்ணு சரியில்ல, எதுலயாச்சும் மோதிட்டா பாவம்" என்று அவனே மறுத்துவிட்டானாம். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறானாம்.

சீ. நானும் ஒரு மனுஷனா?

ஜூலை 9, ஞாயிறு

சோழவந்தான் போய்ப் பால்பாண்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று பயந்தேன். அடித்திருக்கலாம்.

"சரி விடுங்க சாமி. பொண்ணும் மாப்ளையும் நல்லாத்தான் இருக்காக. வேற டிரைவரும் போட்டாச்சு. இனிப் பேசி என்ன?"

மோர் கொடுத்து அனுப்பினார். அந்த மோரையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 10

செல்லூரில் சோணை வீடு. அவர் மனைவி பாண்டியம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன், ஒயர் மாறியதை, நான் அதை மறைத்ததை, விளக்குப் பொய்யை.

"அன்னைக்கே தெரியுமா?" என்றார் திண்ணையில் இருந்த சோணை.

"தெரியும்."

"பட்டறைக்கு வந்து கேட்டேனே, அப்பவும்?"

"அப்பவும்."

பாண்டியம்மாளின் கையில் முறம் நின்றுவிட்டது. "ராத்திரி வெளக்க ஏத்தி வச்சு, கண்ணு தெரியுதா தெரியுதான்னு வெரல எண்ணிப் பார்ப்பாருய்யா இந்த மனுசன்" என்றாள்.

சோணை எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் நின்றேன். வெளியே வரவில்லை.

ஜூலை 11

பட்டறையில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். மேஸ்திரி காறித் துப்பினார். என் மேல் இல்லை, ஆனால் என் பக்கம்.

ஆகஸ்ட் 20

என் பெயர் இப்போது முள்ளு ஐயர். டிரைவர்கள் அத்தனை பேருக்கும் கதை தெரியும். தெரியட்டும்.

நவம்பர் 21, செவ்வாய்

மேலூர் போகிற கரி பஸ் ஒன்று, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடுவது, வந்திருந்தது. அதற்கும் என்ஜின் மாற்றி ஒயர் வேலை முடித்திருந்தோம். எடுத்துப்போக வந்த புது டிரைவர் சோணை.

எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மீட்டரைத் தட்டினார்.

"ஐயரே, இதுல முள்ளு எந்தப் பக்கம் போனா நல்லது?"

சாமி என்று கூப்பிடவில்லை.

"தெரியலை. பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன். யாரோ சிரித்தார்கள்.

என்ஜினை ஓட்டாமல் விளக்கை மட்டும் போடச் சொன்னேன். அப்போது பாட்டரி இறங்கத்தான் வேண்டும், முள் போகிற பக்கம்தான் கெட்ட பக்கம். நான் எட்டிப் பார்க்கவில்லை. "எந்தப் பக்கம் போறது? நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்றேன்.

குனிந்து பார்த்தார். "இடப்பக்கம்."

"நீங்க பார்த்தது சரிதான்."

தலையாட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பஸ்ஸைக் கிளப்பி, மீட்டரை ஒருதரம் தானே பார்த்துக்கொண்டு போனார்.