விற்ற வீட்டின் வெள்ளைப் பூ

காரின் பின் இருக்கையில் மல்ச் வாசனை இன்னும் போகவில்லை. மரச்சிராயும் ஈரமண்ணும் லேசான புளிப்பும் கலந்த அந்த வாசனை உனக்குத் தெரியும். நியூஜெர்சியில் ஏப்ரல் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு செடிகளுக்கடியில் அந்த மரத்தூளைத்தான் கொட்டி வைக்கிறார்கள். போன வாரம் உன் வீட்டுப் பின்புறத்தில் குப்புறப் படுத்து எழுந்தவன், ஜாக்கெட்டைக் கழற்றி அப்படியே பின்னால் எறிந்தேன். ஜாக்கெட்டைத் துவைத்தாயிற்று, காரையும் துடைத்தாயிற்று. ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். சிக்னலில் நிற்கும்போது மூக்கில் ஏறினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. பச்சை விழுந்ததும் ஆபீஸ் பக்கம் போகாமல் உன் தெருவுக்குத் திரும்பிவிடலாமா என்று தோன்றுகிறது. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், ஒரு பூவுக்காகவா இத்தனை பாடு என்று கேட்பார்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

உன் கவிதா வீட்டை விற்றுவிட்டாள். கார்த்திகையில் நீ திடீரென்று போனபிறகு, குளிர்காலம் முழுக்க அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்து பார்த்தாள். பனி விழுந்தால் டிரைவ்வேயை வழிக்க ஆள் தேட வேண்டும், ஹீட்டர் நின்றால் யாரையாவது கூப்பிட வேண்டும். விமானம் ஏறிப் போகிற தூரத்தில், இர்விங்கில் இருக்கும் உன் மகள் தினமும் போனில், இங்கேயே வந்துவிடு என்று நச்சரித்திருக்கிறாள். எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிற பெண், இதை மட்டும் தமிழில் கேட்டாளாம். அதற்குமேல் கவிதாவால் மறுக்க முடியவில்லை. மார்ச்சில் வீட்டை மார்க்கெட்டில் போட்டார்கள், அந்த வாரமே ஆள் வந்துவிட்டது. வாங்கியவர்கள் சின்ன வயதுத் தம்பதி. பின்புறத்தில் மரங்கள் தொடங்கும் இடம் வரைக்கும் கல் பாவி, உட்கார்ந்து பேச இடம் செய்யப்போகிறார்களாம். ஏஜென்ட் அதை ஏதோ நல்ல சேதிபோலச் சொன்னார். மரங்கள் தொடங்கும் இடத்தில்தானே உன் ரத்தவேர் இருக்கிறது.

பிளட்ரூட் என்று ஊரே சொல்வதை அப்படியே தமிழாக்கிவிட்டு, நீயே கண்டுபிடித்த செடி மாதிரி பெருமையடித்தவன் நீ. யாரும் நடாமல் தானாக வந்த காட்டுச்செடி. மரங்கள் துளிர்ப்பதற்கு முன்னால், தரையில் வெயில் படுகிற அந்தக் கொஞ்ச நாளில் தலையை நீட்டும். ஒரே இலை மொட்டைச் சால்வைபோலப் போர்த்தியிருக்கும். வெயில் வந்தால் விரியும், மேகம் வந்தால் மூடிக்கொள்ளும், பலமாக ஒரு காற்று அடித்தால் இதழெல்லாம் கொட்டிவிடும். ஊரில் உள்ள எல்லாவற்றையும் மேய்கிற மான்கூட அதைத் தொடாது.

வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் அதை முதலில் பார்த்தது நீ இல்லை, கவிதா. குளிர்காலம் முழுக்கக் கடையில் வாங்கிய கார்னேஷனைச் சாமிக்கு வைத்து அலுத்திருந்தவள், பின்புறத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததும் நந்தியாவட்டை மாதிரி இருக்கிறதே என்று பறித்துவிட்டாள். காம்பிலிருந்து குங்குமத்தைக் கரைத்த மாதிரி சாறு வடிந்து விரலெல்லாம் சிவந்துபோனது. வெள்ளித்தட்டில் வைத்ததும் இதழ்கள் உதிர்ந்துவிட்டன. கற்பூரம் காட்டும்போது தட்டில் மொட்டைக் காம்பும் சிவப்புக் கறையும்தான் இருந்தன. புது வீட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று கோபிச்செட்டிபாளையத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுதாள். அன்று சாப்பிட வந்த எங்களையும் சேர்த்துக்கொண்டு எல்லோருமாகக் கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோஷமெல்லாம் ஒன்றுமில்லை, கீழே கேன்டீனில் புளியோதரை சூடாக இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். நீ என்ன செய்தாய்? கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தட்டைக் கழுவவிடாமல், கறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். அன்று அவள் உன்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் உங்கள் வீட்டில் அந்தப் போட்டிதான். குரோக்கஸ் ஆனாலும் டாஃபடில் ஆனாலும் முதலில் பூப்பது கேமராவுக்கு, அடுத்ததுதான் சாமிக்கு என்று நீ ஒரு சட்டம் போட்டாய். கவிதா அதை மதித்ததே இல்லை. நீ காபியைக் குடித்து முடிப்பதற்குள் பூ பூஜை அறைக்குப் போயிருக்கும். ரத்தவேரை மட்டும் அவள் திரும்பத் தொடவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், அது அவரோட பூ என்பாள். அந்தக் குரல் அவ்வளவு நன்றாக இருக்காது.

பூவை ஒட்டிப் போய் எடுக்கிற உன் லென்ஸை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன். யாரோ வீட்டைக் காலி செய்யும்போது பழைய சாமான்களோடு விற்றதை வாங்கி வந்தாய். முழுக்க உலோகம், கையில் கனத்தது, ஃபோகஸ் வளையம் இறுகிக் கிடந்தது. ஆட்டோஃபோகஸ் வந்து எத்தனை காலம் ஆயிற்று, இதை எந்த மியூசியத்தில் வைக்கப்போகிறாய் என்றேன். நீ என்னைத் தரையில் படுக்க வைத்து, கேமராவைக் கையில் கொடுத்தாய். நான் வளையத்தைத் திருப்பத் திருப்பப் பூ மங்கி மங்கித் தெளிந்து ஆட்டம் காட்டியது. “ரிங்க விடுறா. அத ஒரு எடத்துல வச்சுட்டு நீ போயிட்டு வா” என்றாய். நீ அப்படித்தான் செய்வாய். முழங்கைகளை மண்ணில் ஊன்றிக்கொண்டு, உடம்பையே நூலளவு முன்னால் தள்ளி, நூலளவு பின்னால் இழுத்து, பூ தெளிகிற இடத்தில் மூச்சைப் பிடித்து ஒரு தட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் பூம்பூம் மாடு தலையாட்டுகிற மாதிரி இருக்கும். அவ்வளவு பக்கத்தில் போய்விட்டால் தெளிவாக இருக்கிற ஆழம் ஒரு அரிசிமணிகூட இல்லை. மகரந்தம் தெளிந்தால் நடுவிலுள்ள பச்சைச் சூல் மங்கும், அது தெளிந்தால் இது மங்கும்.

நம் இரண்டு பேரில் பொறுமைசாலி யார் என்று யாராவது கேட்டால் சிரிப்புதான் வரும். மீட்டிங்கில் நீ கால் ஆட்டினால் எதிரே என் காபி தளும்பும். ஃப்ரீவேயில் லேன் மாறிக்கொண்டே இருப்பாய். நான் அதற்கு மேல். லிஃப்ட் வருவதற்குள் படியேறிவிடுகிற ஆள். ஆனால் அந்த லென்ஸுக்குப் பின்னால் போய்விட்டால் நீ வேறு ஆள், அதுதான் எனக்குப் பொறாமை. எத்தனை வருஷம் எடுத்தாய், ஒன்றாவது உனக்குத் திருப்தியாக இருந்ததா? ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நூல் முன்னால் போயிருக்க வேண்டும் என்பாய். போன வருஷம் பூத்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஓரம் நின்று மழையைத் திட்டித் தீர்த்துவிட்டு, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா” என்றாய்.

இந்த அடுத்த வருஷம் வந்தபோது கேமராவும் லென்ஸும் என்னிடம் இருந்தன. உன் காரியமெல்லாம் முடிந்தபிறகு கவிதா அவற்றை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்திருந்தாள், இங்கே இருந்தால் தூசிதான் படியும் என்று. நான் மனதுக்குள் உனக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். நீ எடுக்காமல் விட்ட அந்த ஒரு படத்தை, கல் பாவுவதற்கு முன்னால், நான் எடுத்துவிடுவேன் என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கவிதா வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். புதிதாகக் கொட்டிய மல்ச்சை முட்டிக்கொண்டு ஒரே ஒரு மொட்டு, இலைக்குள் சுருண்டு கிடந்தது. மற்றவை இந்த வருஷம் வரவே இல்லை. அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. லஞ்ச் நேரத்தில் ஓடினேன். கான்ஃபரன்ஸ் காலில் மியூட் போட மறந்து, உன் வீட்டுப் பின்புறத்துக் குருவி கத்தியது டீம் முழுக்கக் கேட்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெதர் பார்த்தேன். வெயில் என்று போட்டிருந்த இடத்தில் மேகம் வந்தது. வியாழக்கிழமை வெள்ளை லேசாகத் தெரிந்தும் விரியவில்லை. சிரிக்காதே, குளிருக்குக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வோமே, அந்தச் சூட்டுப் பொட்டலம் இரண்டைப் பிரித்து மொட்டுக்கு இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் வழியாகக் கவிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பளிச்சென்று வெயில். கிளம்பினால் 287 நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிகள் நகரவில்லை. கவிதாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பயம் வந்தது. வீட்டை விட்டுப் போகிற நாள், கடைசியாக ஒரு விளக்கு ஏற்றாமல் போகமாட்டாள். விளக்கு ஏற்றினால் பூ வேண்டும். எல்லாவற்றையும் பேக் பண்ணி அனுப்பிய வீட்டில் பூவுக்கு எங்கே போவாள்? ஸ்டியரிங்கை அடித்தேன், பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பறித்திருக்கக்கூடாது, பறித்திருக்கக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினால், உன் குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கவிதா நின்றிருந்தாள். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டிபோலப் பிடித்திருந்தாள். அதன் மறைவில் பூ முழுசாக விரிந்திருந்தது. காலையிலிருந்து அப்படியே நிற்கிறாளாம். போன் உள்ளே கிடந்திருக்கிறது.

“வெரசா வாங்கண்ணா, காத்து நிக்கவே மாட்டேங்குது” என்றாள்.

விழுந்தடித்துக்கொண்டு படுத்தேன். வரவில்லை. ஓடிவந்த மூச்சு அடங்கவில்லை, முன்னால் போனால் தெளிவு தாண்டிப்போனது, பின்னால் வந்தால் நழுவியது. எடுத்தேன், பார்த்தேன், அழித்தேன். மறுபடியும் எடுத்தேன். மேற்கே ஒரு மேகம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. உன் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது, இதை எப்படித்தான் செய்தாயோ என்று. நெற்றியை மண்ணில் வைத்துவிட்டேன்.

“நான் ஒருக்கா பாக்கட்டுங்களாண்ணா?” என்று கேட்டாள் கவிதா.

இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கேமராவில் கண்ணை வைத்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டையை நான் வாங்கிப் பிடித்தேன். அவள் முட்டிபோட்டுக் குனிந்தாள். ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளையாகப் புகைதான் தெரிகிறது என்றாள். வளையத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்னால் சாயச் சொன்னேன். சாய்ந்தாள். இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். பிறகு அசையவில்லை.

முன்பக்கம் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. ஏஜென்ட் அவள் பெயரைக் கூப்பிட்டார். வாங்கியவர்கள் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்க வந்துவிட்டார்கள். மேகம் வெயிலைத் தொடப்போகிறது. என் கை தானாகக் கேமராவை நோக்கி நீண்டது.

கண்ணை எடுக்காமலே கவிதா பேசினாள். “தோச ஊத்திட்டுக் கூப்புட்டா, ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னுட்டே கெடப்பாருங்கண்ணா. எத்தன தோச ஆறிப்போச்சு. வேணும்னேதான் வரமாட்டேங்கறாருன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க.” முழங்கையை மண்ணில் ஊன்றிக்கொண்டாள். “வர முடியாதுங்கண்ணா. இதப் பாத்துட்டு இருந்தா எப்படி வர முடியும்.”

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

ஏஜென்ட் பக்கவாட்டுக் கதவு வரைக்கும் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். காற்று அட்டையைத் தள்ளியது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெயில் போகிறவரை கவிதா பார்த்தாள். ஒரு படமும் எடுக்கவில்லை. எழுந்தபோது கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மகளிடம் போக நுவர்க் ஏர்போர்ட்டில் நான் இறக்கிவிடும்போதும் அது அவள் கழுத்தில்தான் இருந்தது. அவள் கழற்றவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஆக, நீ எடுக்காமல் விட்ட அந்தப் படம் என்னிடம் இல்லை. இனி யாரிடமும் இருக்காது. பொய் சொல்லமாட்டேன், அது உறுத்துகிறது. அன்று கொஞ்சம் முன்னதாகக் கிளம்பியிருந்தால், அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால் என்று மனம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் இரண்டு கையிலும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம், என் மனம் எங்கேயும் ஓடவில்லை. உன்மேல் உன் மனைவிக்கு எத்தனையோ வருஷமாக இருந்த ஒரு கோபம், என் கண்ணெதிரே அவளை விட்டுப் போனது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்க்க வேண்டியவன் நீ. அதனால்தான் எழுதுகிறேன்.