ஞாயிறு மட்டும் இலவசம்

ஸ்வின்ஃபோர்ட்,
பிப்ரவரி 9

மலாக்கிக்கு,

போனில் பேசினால் நமக்கு என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? பெல்முல்லட் பக்கம் புயல் ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். உன் அண்ணன் காலமான பிறகு, அவர் வீட்டுக் கூரையைச் சரி செய்துவிட்டு வருகிறேன் என்று போனாய். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இந்நேரம் மேயோ மாவட்டத்திலேயே உறுதியான கூரை அதுவாகத்தான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் கணக்கு இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. புது மீட்டர் வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு கம்பெனியாக உனக்குக் கடிதம் போடுகிறது. ஒரு கம்பெனி வாரத்தில் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இலவசம் என்கிறது. சனியா ஞாயிறா, நாமே சொல்லலாமாம். இன்னொன்று பின்னிரவில் சில மணி நேரம் இலவசம் என்கிறது. அந்த நேரத்தில் நான் எழுந்து என்ன செய்வது, இஸ்திரி போடுவதா? மூன்றாவது கம்பெனி எதையும் இலவசமாகத் தரவில்லை. ஆனால் எல்லா நாளும் ஒரே விலை, மலிவுதான்.

ஆக்லாந்திலிருந்து கிரான்யா பேசும்போது கேட்டேன். “அம்மா, நீ அப்பாவையே கேளேன், அவருக்குத்தான் இதெல்லாம் பிடிக்கும்” என்றாள். நம் மகள் எதையோ நினைத்துக்கொண்டுதான் சொல்கிறாள். இருந்தாலும் கேட்கிறேன்.

டிம்ப்னா

*

பெல்முல்லட்,
பிப்ரவரி 17

டிம்ப்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூரை நன்றாக இருக்கிறது.

இலவசம் என்றால் யாரும் சும்மா தருவதில்லை. அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட்டு மற்ற ஆறு நாளும் விலையை ஏற்றிவிடுவார்கள். மாலையில் எல்லோரும் சமைக்கிற நேரம்தான் விலை உச்சத்தில் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு படி. அந்த இலவசத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இது குழந்தை குட்டியோடு நிறைந்திருக்கிற வீட்டுக்கு லாபம். வாரத் துணியை ஒரே நாளில் துவைத்து, ரொட்டியெல்லாம் சுட்டு, எல்லோரும் வெந்நீரில் குளித்துவிட்டால் கொடுத்ததுக்கு மேல் வந்துவிடும். ஒரே ஆள் இருக்கிற வீட்டுக்குக் கட்டாது. ஒரு ஆளால் எவ்வளவுதான் செலவழிக்க முடியும்? நீ மூன்றாவது கம்பெனிக்கே போ.

கணக்கை உன் பெயருக்கு மாற்றக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதுதான் முறை.

இங்கே கடல் காற்றில் எல்லாமே ஈரம். துணி காய நாலு நாள் ஆகிறது.

மலாக்கி

*

ஸ்வின்ஃபோர்ட்,
மார்ச் 1

மலாக்கிக்கு,

கையெழுத்துக்கு நன்றி. இனி தபால்காரர் இந்த வீட்டுக்கு உன் பெயரில் ஒன்றும் கொண்டுவர மாட்டார் என்று நினைக்கிறேன். கம்பெனிகளின் கடிதமாக இருந்தாலும், உன் பெயர் வாசலில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அது போகட்டும்.

ஒரே ஆள் இருக்கிற வீட்டுக்குக் கட்டாது என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் சொன்னாய். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டேன். காரணம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மற்ற ஆறு நாளும் சமையலறையில் ஒரு விளக்கு, ஒரு கெட்டில், அவ்வளவுதான் என் செலவு. மாடி அறைகளைத் திறப்பதே இல்லை. ஒரு நாளாவது இந்த வீடு முழுக்க விளக்கு எரியட்டும் என்று தோன்றியது.

போன ஞாயிறுதான் முதல் ஞாயிறு. சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து எல்லா அறையிலும் விளக்கைப் போட்டேன். ஹீட்டரைப் போட்டேன். கோழி ஒன்றை வறுக்க வைத்தேன். ஆப்பிள் டார்ட் சுட்டேன். அடுப்பு சூடாக இருக்கும்போதே என்று சோடா ரொட்டியும் சுட்டேன். துவைக்க இரண்டு சட்டைதான் இருந்தது. அதனால் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தேன். எல்லாம் முடிந்து உட்கார்ந்து பார்த்தால் வீடு கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிறது. நான் மட்டும் ஒரு தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். கோழியை வியாழக்கிழமை வரைக்கும் தின்றேன்.

அந்த டிரையர் மெஷின் இங்கே சும்மாதான் நிற்கிறது. உன் துணி காயவில்லை என்று எழுதியிருந்தாயே, ஞாயிற்றுக்கிழமை துணியைக் கொண்டு வா. வயதானவர்களுக்கான பாஸ் இருக்கிறதே, பஸ்ஸும் உனக்கு இலவசம்தானே.

டிம்ப்னா

*

பெல்முல்லட்,
மார்ச் 4

டிம்ப்னாவுக்கு,

யோசனை சரிதான். வீணாகப் போவதை உபயோகப்படுத்தலாம். ஞாயிறு பாலினாவில் பஸ் மாறி மதியத்துக்குள் வந்துவிடுவேன்.

மலாக்கி

*

ஸ்வின்ஃபோர்ட்,
ஏப்ரல் 16

அன்புள்ள மலாக்கி,

வாரா வாரம் பார்க்கிற ஆளுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீ இங்கே இருக்கும்போது ஹர்லிங் மேட்ச், மழை, யார் செத்தார்கள் என்பதைத் தவிர நாம் எதையும் பேசுவதில்லை. எழுதினால்தான் எனக்கு வாய் வருகிறது.

நீ விட்டுப்போன நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். போன ஞாயிறு நீ வெந்நீரில் குளித்துவிட்டு மாடியில் சீட்டி அடித்தது கீழே கேட்டது. அந்தப் பழைய பாட்டை நீ இன்னும் தப்பாகத்தான் அடிக்கிறாய். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். இந்தத் தடவை உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

பஸ் ஏறப் போகும்போது நீ திரும்பிப் பார்ப்பதில்லை. மூட்டை கனம் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ போன பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பேன். இலவசம்தான், நாள் முடிகிற வரைக்கும் எரியவிடலாம். ஆனாலும் அணைத்துவிடுவேன்.

வரும் ஞாயிறு பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும். உனக்குப் பிடித்த வெள்ளைச் சாஸும் உண்டு.

டிம்ப்னா

*

ஸ்வின்ஃபோர்ட்,
ஜூன் 11

மலாக்கிக்கு,

இனி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

நீ ஏன் என்று கேட்பாய், அதனால் எழுதிவிடுகிறேன். முந்தாநாள் நீ வந்தபோது நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுக் கான்செப்டா வேலி ஓரத்தில் நின்றுகொண்டு உன்னைக் கேட்டாள்: “என்னப்பா மலாக்கி, மூட்டை முடிச்சோட வந்து இறங்கறே? பொண்டாட்டிகிட்ட ஒரேயடியா திரும்பி வந்துட்டியா?”

நீ சிரித்தாய். “அட நீங்க வேற! ஞாயித்துக்கிழமை இவ வீட்டுல கரண்ட் ஓசி. அதான் துணி காயவைக்க வந்தேன். பஸ்ஸும் ஓசி, சாப்பாடும் ஓசி, விடுவேனா?” என்றாய்.

அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கதவைத் திறந்தேன். உனக்குச் சோறு போட்டேன். உன் துணியைக் காயவைத்து மடித்துக் கொடுத்தேன். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அதுவும் இத்தனை வருடத்தில் உன்னிடம் கற்றதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்காக நான் சனிக்கிழமையே தலை வாரிச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன் மலாக்கி. என் வயதில். உனக்கு அது ஓசிக் கரண்ட்.

இன்று காலை கம்பெனிக்குப் பேசிவிட்டேன். நீ ஆரம்பத்தில் சொன்ன அந்த மூன்றாவது கம்பெனிக்கு மாறிவிட்டேன். இலவசம் கிடையாது. இனி எனக்கு எல்லா நாளும் ஒரே விலை.

உன் துண்டு ஒன்று இங்கே இருக்கிறது. தபாலில் அனுப்புகிறேன்.

டிம்ப்னா

*

பெல்முல்லட்,
ஜூன் 20

அன்புள்ள டிம்ப்னா,

இதை நான் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். போன் செய்திருக்கலாம். செய்திருந்தால் உன் குரலைக் கேட்டதும் ஏதாவது ஜோக் அடித்துத் தொலைத்திருப்பேன்.

கான்செப்டா அப்படித்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நீ கூப்பிடவில்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் சிரித்தேன். நீ கதவுக்குப் பின்னால் நிற்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். என் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே இந்த வீட்டுக்கும் புது மீட்டர் வைத்து, இதே மாதிரி ஒரு திட்டம் எடுத்திருந்தார். இந்த வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இலவசம். எப்போதிருந்தோ. டிரையர் மெஷினும் பின்கட்டில் இருக்கிறது, நன்றாக ஓடும். துணி காய நாலு நாள் ஆகிறது என்று எழுதினேனே, அது கொடியில் போட்டால். மெஷின் இருப்பதை நான் எழுதவில்லை. நீ என்ன எழுதுவாய் என்று பார்ப்பதற்காக எழுதாமல் விட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் இங்கே இலவசமாக வந்த கரண்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஈரத் துணியைச் சுமந்துகொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். சில வாரம் மூட்டை நிறையவில்லை. ஒரே ஆளுக்கு எவ்வளவு அழுக்குச் சேரும்? பீரோவிலிருந்து அண்ணனுடைய சட்டைகளை எடுத்து நனைத்து உள்ளே திணித்தேன். செத்துப்போனவரின் சட்டையை நீ நாலு தடவை காயவைத்து மடித்திருக்கிறாய்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்காதே. நீ ‘வா’ என்று எழுதவில்லை டிம்ப்னா. ‘துணியைக் கொண்டு வா’ என்றுதான் எழுதினாய்.

போன ஞாயிறு இங்கேயே இருந்தேன். நீ எழுதியிருந்த மாதிரி எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்தேன். ரொம்ப நேரம் தாங்கவில்லை. அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துண்டை அனுப்பாதே. அங்கேயே இருக்கட்டும்.

உன்
மலாக்கி

*

ஸ்வின்ஃபோர்ட்,
ஜூன் 27

மலாக்கி,

உன் அண்ணனின் சட்டைகளை மடித்தபோதே எனக்குச் சந்தேகம். அந்தக் காலர் உன் கழுத்துக்கு எந்தக் காலத்திலும் போதாது. கேட்டால் நீ வராமல் போய்விடுவாயோ என்று கேட்கவில்லை.

நமக்குள் சண்டை வரும். ரேடியோவுக்கு வரும், ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு வரும். அது மாறப்போவதில்லை, நாமும் மாறப்போவதில்லை. அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வா. ஞாயிறு இல்லை, செவ்வாய். அன்றைக்குக் கரண்ட் முழு விலை. எல்லா விளக்கையும் போட்டு வைக்கிறேன்.

துணியைக் காயவைத்தே கொண்டு வா. அலமாரியில் உன் பக்கத்தைக் காலி செய்திருக்கிறேன்.

டிம்ப்னா