எழுதாமல் விட்டது யாருக்கு

ஏப்ரல் 3
பேத்தி இரண்டு நாளாகக் கால் பிடித்துவிடுகிறாள். பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவளுக்கு என் கால்மேல் என்ன கரிசனம்? “உன் அண்ணன் கதைய இன்னொரு தடவ சொல்லு பாட்டி” என்கிறாள். சொன்னேன். என்னை ஐந்தாவதோடு நிறுத்தியவன். தான் மட்டும் ஏழாவதில் இரண்டு தடவை உட்கார்ந்தான். அவன் சாவுக்குப் போனேன், அழவில்லை.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிறது. பார்ப்போம்.

ஏப்ரல் 5
மருமகள் என்னைக் கேட்காமல் பெரிய பாத்திரத்தைத் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். போன தடவை அடி நசுங்கி வந்ததை மறந்துவிடுவேனா? சண்டை. பேத்தி நடுவில் புகுந்தாள். “அதிகாரத்தப் பிரிச்சு எழுதிடலாம் பாட்டி. மத்திய அரசுக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒண்ணு, பொதுவா ஒண்ணு. நாடே அப்படித்தான் ஓடுது.” மருமகள் உடனே சரி என்றாள். அவள் உடனே சரி என்றால் அதில் ஏதோ இருக்கும்.

இந்த வீட்டில் மிச்சமிருக்கும் என் பேச்சும் போய்விடுமோ?

ஏப்ரல் 6
எழுதிக் கதவில் ஒட்டியாயிற்று. சமையல் மருமகளுக்கு. பாத்திரமும் விருந்தாளியும் எனக்கு. வரவு செலவும் ரிப்பேரும் மகனுக்கு. டிவி பொது, தகராறு வந்தால் மகன் சொன்னதே நிற்குமாம். அவன்தான் மத்திய அரசாம்!

“உங்கப்பன் எப்படி மத்திய அரசு? அவனுக்கு மூக்கு சிந்திவிட்டதே நான்தாண்டி!”

விடவில்லை. “இதுல எழுதாம விட்டது வந்தா யார் கை?” என்றேன்.

“சில நாட்டுல மத்திய அரசுக்கு, சில நாட்டுல மாநிலத்துக்கு. இங்க... உனக்கே இருக்கட்டும் பாட்டி. ஆனா திருத்தணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும்.”

மகன் செல்போனைப் பார்த்தபடியே கையெழுத்துப் போட்டான். கேட்டதும் கிடைத்த எதுவும் எனக்கு நல்லதாக முடிந்ததில்லை.

ஏப்ரல் 9
கண்ணாடி போட்டுப் படித்தேன். துடைப்பம்கூட இருக்கிறது. எதை விட்டாள்?

ஏப்ரல் 20
பிடித்துவிட்டேன்!

பேத்திக்கு வெளியூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையோடு, இதே கூட்டாட்சிப் படிப்புதான். மகன் குதித்தான். “இந்த வருஷத்தோட படிப்பு போதும்னு எப்பவோ சொல்லிட்டேன்ல?”

அவள் கதவைக் காட்டினாள். “படிப்பு எந்தப் பட்டியல்லயும் இல்லப்பா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருமகள் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள் — கூட்டுக் களவாணிகள்!

“விளையாட்டுக்கு எழுதுனதும்மா அது” என்றான் மகன்.

“கையெழுத்தும் விளையாட்டாடா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். கால் பிடித்தது எதற்கு, கதை கேட்டது எதற்கு — பழைய புண்ணைக் குத்தி ஆழம் பார்த்திருக்கிறாள்!

ஏப்ரல் 21
“நான் மாட்டேன்னு சொன்னா என்னடி பண்ணுவ? எம்மேல அவ்வளவு நம்பிக்கையா?”

“உன்மேல இல்ல பாட்டி. உன் கோபத்துமேல.”

திமிர். போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவளுக்காக இல்லை. என் அண்ணனுக்காக — எங்கிருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

ஜூலை 2
பேத்தியை ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். வந்ததும் வராததுமாக மகன் கதவுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தான்: எழுதாமல் விட்டதெல்லாம் மத்திய அரசுக்கு. மருமகள் தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினான்.

கண்ணாடியைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.